செட்டிநாட்டுச் செம்மண்ணுக்குச் சிறிய டிராக்டர்: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் சிறு நிலக்காரர் டிராக்டர் வாங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல மழை பெய்கிறது. செம்மண் அதை மளமளவென்று குடித்துவிட்டு, வெயில் ஏறியதும் அதே வேகத்தில் காய்ந்துவிடுகிறது. உழுவதற்கேற்ற பதம் மூன்று நான்கு நாள் நின்றால் பெரிது. அந்த நாட்களில்தான் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டார ஊர்கள் அத்தனைக்கும் டிராக்டர் வேண்டும். வாடகை வண்டி முதலில் பத்து ஏக்கர் காட்டுக்குப் போகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் வரப்பில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முறை வரும்போது பதம் போய்விடுகிறது. கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகிறதே தவிர உழுவதில்லை.

இந்தப் பக்கத்தில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பதும், கண்மாய் பெருகுமா என்று பார்த்திருப்பதும் இங்கே வழக்கம். ஆகவே குதிரைத்திறன், கம்பெனி, தவணை என்று பேச்சு எங்கே போனாலும், பதம் இருக்கும் நாளில் இந்த வண்டி என் வேலையை முடித்துத் தருமா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டுப் பூர்வீக நிலத்துக்குத் திரும்புகிறவர்களையும், மூன்று முதல் எட்டு ஏக்கர் வரை புதிதாக வாங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: நிலத்தை நடந்து பார்ப்பது

ஷோரூமுக்குப் போவதற்கு முன்பு ஒரு முழு நாளை நிலத்தில் செலவிடுங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, ஒரு கடப்பாரை இருக்கட்டும்.

பாதையிலிருந்து தொடங்குங்கள். பூர்வீக நிலங்கள் பலவற்றுக்கு மாட்டு வண்டிப் பாதைதான் உண்டு. பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலமாக இருந்தால் உள்பக்கத்துத் துண்டுக்கு அதுவும் இருக்காது. அடுத்தவர் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தில், வண்டிப்பாதை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிக்கப்படவில்லை என்றால் பக்கத்து நிலக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். வண்டியை வாங்கிய பிறகு பேசினால் பேச்சின் தொனியே மாறிவிடும். வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ அதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிறிய டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளி அகலம் சுமார் 1 மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் வரை வரும். பெரிய டிராக்டருக்குக் கிட்டத்தட்ட 6 அடி வேண்டும்.

அடுத்தது மண். கடப்பாரையை ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் இறக்கிப் பாருங்கள். நம் மண் ஒரே நிலத்திலேயே மாறும்: ஒரு மூலையில் இரண்டடி ஆழத்துக்கு நல்ல செம்மண் இருக்கும், மறுமூலையில் அரையடியில் சரளையோ செம்புறாங்கல்லோ தட்டுப்படும். கல் தட்டுப்படும் இடங்களைப் படம் போட்டுக் குறித்துவையுங்கள். அங்கே, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரின் கத்தி உடையும். குழி தோண்டும் கருவி நின்றுவிடும். சில இடங்களை உழாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுவதே நல்லது.

சும்மா கிடந்த நிலமாக இருந்தால் சீமைக்கருவேலமும், சில இடங்களில் தைலமரக் கட்டைகளும் இருக்கும். 25 குதிரைத்திறன் வண்டியை வைத்து வேர்க்கட்டையைப் பிடுங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். அந்த வேலைக்குப் பொக்லைனை வாடகைக்கு அழையுங்கள். கருவேலத்தை அகற்றிய பிறகும் காய்ந்த முள் மண்ணில் கிடக்கும். அது டயரைத் துளைக்கும். முள்ளை வாரிக் குவித்து அப்புறப்படுத்தாமல் புது வண்டியை உள்ளே இறக்காதீர்கள்.

கடைசியாக, கிணறு. கட்டுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் புதருக்குள் மறைந்திருப்பது இந்தப் பக்கத்தில் சர்வ சாதாரணம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, நான்கு பக்கமும் கல்லும் கம்பியும் நட்டு வேலி போடுங்கள். டிராக்டர் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

கணக்கை மறைக்காமல் போடுவோம். சிறிய டிராக்டரின் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) 1 மீட்டர் அகலத்துக்கு உழும் என்றும், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதிலும், உழுத இடத்தின் மேலேயே கொஞ்சம் மறுபடி உழுவதிலும் முப்பது சதவீதம் போய்விடும். மிச்சம் மணிக்கு 2,800 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ரோட்டவேட்டர் இன்னும் மெதுவாகப் போகும்; மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் என்றால் ஏக்கருக்கு இரண்டேகால் மணிக்கு மேல்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஐந்து ஏக்கரை ஒரு சால், அதாவது ஒரு முறை, உழ ஏழரை மணி நேரம், அதாவது ஒரே பகல் போதும். மூன்று நாள் பதத்துக்குள் சிறிய வண்டியே வேலையை முடித்துவிடுகிறது என்றால், 45 குதிரைத்திறன் வண்டியை ஐந்து ஏக்கருக்கு வாங்குவது வீண். இரண்டாவது செய்தி அவ்வளவு இனிப்பானதில்லை. இரண்டு சால் உழவு, ஒரு முறை ரோட்டவேட்டர் என்று கணக்கிட்டாலும் ஐந்து ஏக்கருக்கு ஒரு பருவத்தில் 27 மணி நேரம்தான் வண்டி ஓடும். இரண்டு பருவம், மரத்தோப்பில் களை உழவு, எரு ஏற்றுவது எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு 80 மணியைத் தாண்டுவது கடினம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள சிறிய டிராக்டர், கம்பெனியையும் வசதியையும் பொறுத்து, சுமார் 5 லட்சத்திலிருந்து 7, 8 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. ஆறு லட்சம் என்று வைத்து, பத்தாண்டுத் தேய்மானம், கடன் வட்டி, காப்பீடு, டீசல், சர்வீஸ் எல்லாம் கூட்டினால் முதல் சில ஆண்டுகள் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அதே வேலையை வாடகை டிராக்டர் பாதி நேரத்தில் முடிக்கும். மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் நாற்பதாயிரம்தான். ஐந்து ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் பணத்தில் லாபம் தராது. அது வாங்கித் தருவது நேரத்தை. உங்கள் நிலத்தில் அந்த நேரத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் முடிவைச் சொல்கிறேன். மூன்று ஏக்கருக்குக் கீழே, முழுக்க மானாவாரி என்றால் வாங்காதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுக்கிறது. உழவன் செயலியில் இ-வாடகை என்ற பகுதியில் பதிவு செய்யலாம். பாத்திகளுக்கும் மரவரிசைகளுக்கும் களையெடுக்கும் சிறு இயந்திரமான பவர் வீடர் ஒன்று போதும். மூன்று ஏக்கருக்கு மேல் கிணற்றுப் பாசனமும் தென்னை, மா போன்ற மரங்களும் இருந்தால் வண்டிக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும், அப்போது வாங்குங்கள். கிணற்று நீரில் சேறடித்து நாற்று நடுவதுதான் முக்கிய வேலை, வயல்களும் சின்னச் சின்னத் துண்டுகள் என்றால், டிராக்டரைவிட கையால் பிடித்து ஓட்டும் 12 முதல் 15 குதிரைத்திறன் பவர் டில்லரே பொருத்தம்; விலையும் குறைவு.

பங்காளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கும் யோசனை நம் ஊரில் அடிக்கடி எழும். நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் பதம் வரும் என்பதை மறக்கக் கூடாது. முதல் மழைக்கு யார் நிலம் முதலில், அடுத்த ஆண்டு யார் முதலில், டீசல் யார் போடுவது, உடைந்தால் யார் செலவு என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறவு கெடாமல் இருக்க அந்தக் காகிதம் உதவும்.

இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மழை பெய்த தேதி, வண்டி வந்த தேதி, ஆன மணி, கொடுத்த பணம் நான்கையும் எழுதிவந்தால் பதில் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

டிராக்டருக்கு முன் கருவிகளைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் வண்டியை வாங்கிவிட்டுப் பிறகு கருவி தேடுகிறார்கள். கருவிதான் மண்ணைத் தொடுகிறது. வண்டி அதை இழுப்பதோடு சரி. ஆகவே கருவிகளை முதலில் முடிவு செய்து, அவற்றை இழுக்கவும் தூக்கவும் சுழற்றவும் தேவையான வண்டியைப் பிறகு தேடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது 5 கொத்துக் கலப்பை. விலை குறைவு, பழுது அரிது, பதத்தில் உழுதால் செம்மண்ணுக்கு இதைவிட ஏற்றது இல்லை. ஸ்பிரிங் வைத்த கொத்தாகப் பார்த்து வாங்குங்கள். கல்லில் மாட்டினால் கொத்து பின்னால் மடங்கித் தப்பித்துக்கொள்ளும். இறுக்கமான கொத்து என்றால் வளையும். பெரிய டிராக்டர்களின் 9 கொத்துக் கலப்பை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். சிறிய வண்டி அதை இழுக்கும், ஆனால் ஆழம் போகாது.

இரண்டாவது ரோட்டவேட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், விற்பனையாளர் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரே ஓட்டத்தில் மண் மாவாக உதிர்வதைப் பார்க்கும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் செம்மண்ணை அவ்வளவு நைசாக்கினால் அடுத்த மழையில் மேல்மண் ஏடு கட்டி இறுகிவிடும். கடலை முளை அந்த ஏட்டை முட்டிக்கொண்டு வெளியே வரத் திணறும். பருவத்துக்குப் பருவம் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டினால் நான்கு, ஐந்து அங்குலத்துக்குக் கீழே ஒரு கடினத் தட்டு உருவாகும். வேர் அதற்குக் கீழே போகாது, மழைநீரும் போகாது. மழை குறைந்த நாட்டில் இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன? ஆகவே கொத்துக் கலப்பையால் இரண்டு சால் உழுது, கட்டி உடைக்கவும் எரு கலக்கவும் பசுந்தாளை மடக்கவும் மட்டும் ஒருமுறை ரோட்டவேட்டர் ஓட்டுங்கள். மாட்டு எருவும் மட்கிய தென்னைநார்க் கழிவும் தொடர்ந்து போட்டுவந்தால் ஏடு கட்டுவது குறையும்.

ரோட்டவேட்டரின் அகலத்தில் கவனம் தேவை. வண்டியின் பின்சக்கரத் தடங்களை முழுதாக மூடும் அகலம் வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணில் சக்கரத் தடம் இரண்டு கோடாக இறுகி நிற்கும். மறுபக்கம், அகலம் கூடக் கூட பி.டி.ஓ. தண்டிலிருந்து, அதாவது என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பின்பக்கச் சுழல்தண்டிலிருந்து, தேவைப்படும் திறனும் கூடும். மூன்று முதல் மூன்றரை அடி ரோட்டவேட்டருக்குப் பி.டி.ஓ.வில் 20 குதிரைத்திறன் அளவுக்கு இருந்தால் நிம்மதி. நான்கடியை மாட்டிக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால், காய்ந்த நிலத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது டிரெய்லர். எரு, தேங்காய், வைக்கோல், செங்கல் என்று வேலைக்குக் குறையிருக்காது. ஒன்று அல்லது ஒன்றரை டன் தாங்கும் டிப்பர் போதும். டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்பதால், 800 கிலோ வண்டிக்குப் பின்னால் இரண்டு டன் செம்மண்ணை ஏற்றி ஊரணிச் சரிவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

மற்றவை எல்லாம் நிலத்தைப் பொறுத்தவை. தென்னையோ மாவோ அதிகம் என்றால் பி.டி.ஓ.வில் ஓடும் புல்வெட்டி நல்ல முதலீடு. களையை உழுது புரட்டாமல் வெட்டி மூடாக்காக விட்டால் ஈரம் நிற்கும். தென்னைக்கு 25 அடி இடைவெளி என்பதால் எந்த வண்டியும் புகும். மாவில் தாழ்ந்த கிளையின் உயரத்தை அளந்து, வண்டியின் புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடலை அதிகம் போடுகிறவர்களுக்கு விதைப்புக் கருவி உதவும். 30 சென்டிமீட்டர் வரிசைக்கு அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். குழி தோண்டும் கருவியை வாடகைக்கு எடுத்தால் போதும். ஒருமுறை கன்று நட்டுவிட்டால் அதற்கு வேலை இல்லை. சரளை மண்ணில் நல்ல மழைக்குப் பிறகு மட்டும் பயன்படுத்துங்கள்.

உளிக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் சொந்தமாக வேண்டாம். ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடினத் தட்டை உடைக்கப் பெரிய டிராக்டர்தான் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கோடையில், மண் காய்ந்திருக்கும்போது அதை வாடகைக்கு அழைத்து உழச் சொல்லுங்கள். சிறிய வண்டி வைத்திருப்பவருக்கும் பெரிய வண்டிக்காரரின் நட்பு வேண்டும்.

இப்போது டிராக்டர்

மேலே சொன்ன கருவிகளுக்கு 24 முதல் 28 குதிரைத்திறன் போதுமானது. இந்த வரிசையில் மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441, பி2741, வி.எஸ்.டி. எம்.டி. 270, ஜான் டீர் 3028 இ.என். போன்றவை உண்டு. எது சிறந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கம்பெனியின் மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கின்றனவோ அதற்கே என் ஓட்டு. பதம் இருக்கும் நாளில் ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்து, அது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றால், சொந்த டிராக்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

விவரச் சீட்டில் என்ஜின் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது பி.டி.ஓ. குதிரைத்திறன். ஒரே அளவு என்ஜின் உள்ள இரண்டு வண்டிகளில்கூட இது வேறுபடும். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது இந்தத் திறன்தான். அதோடு, எந்த என்ஜின் வேகத்தில் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வருகிறது என்றும் கேளுங்கள். குறைந்த வேகத்தில் வந்தால் டீசல் மிச்சம்.

நான்கு சக்கர இயக்கம், அதாவது ஃபோர் வீல் டிரைவ், கட்டாயம் வேண்டும். இந்த வண்டிகளின் எடை 600 கிலோவிலிருந்து 1,000 கிலோவுக்குச் சற்று மேல் வரைதான். எடை குறைவாக இருப்பதால் மண் அமுங்காது, ஈர வயலில் புதையாது, அது நல்லது. ஆனால் இறுகிய செம்மண்ணில் கலப்பையை இழுக்கும்போது பின்சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி வழுக்கும். முன்சக்கரமும் இழுத்தால்தான் சமாளிக்க முடியும். அப்படியும் வழுக்கினால் பின் டயர் டியூபில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பலாம். செலவில்லாத எடை அது.

தூக்கும் திறன் இந்த வகையில் பெரும்பாலும் 750 கிலோ என்று போட்டிருக்கும். அது இணைப்புக் கையின் நுனியில் அளந்தது. கருவியின் பாரம் அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால் உண்மையில் தூக்குவது குறைவு. சிறிய ரோட்டவேட்டருக்கு இது தாராளம். ஆனால் கருவியைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிறதா என்று பாருங்கள். லேசானால் முன்பக்க எடைகளையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்து பலரும் கவனிக்காத ஒன்று. கருவியை வண்டியின் பின்னால் மாட்டும் மூன்று முனை இணைப்பின் ஊசிகள் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. முதல் வகையில் கீழ் ஊசியின் விட்டம் 22 மில்லிமீட்டர், பெரிய டிராக்டர்களின் இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டர். பல சிறிய வண்டிகளில் முதல் வகையிலேயே குறுகலான அமைப்பு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கருவியை இரவல் வாங்கி மாட்டலாம் என்ற கணக்கு இங்கேதான் தவறும். கருவியும் வண்டியும் வெவ்வேறு கடையில் வாங்குவதானால் இந்த அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

வயலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

கடைக்காரர் உங்கள் நிலத்துக்கே வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் அழைக்காதீர்கள்; அன்று எந்த வண்டியும் நன்றாகத்தான் உழும். ஈரம் குறைந்து, மண் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் நாளில் அழையுங்கள்.

நீங்கள் குறித்துவைத்த குறுகலான பாதையிலும், உயரமான வரப்பிலும், கல் தட்டாத கடினமான இடத்திலும் ஓட்டச் சொல்லுங்கள். ரோட்டவேட்டர் ஓடும்போது என்ஜின் சத்தம் இறங்கி, கரும்புகை தொடர்ந்து வந்தால் அகலம் அதிகம் என்று பொருள். வயல் மூலையில் எத்தனை முறை முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புகிறது என்று பாருங்கள். அரை ஏக்கர் துண்டுகளில் திரும்புவதிலேயே பாதி நேரம் போகும். பிறகு நீங்களே ஏறி ஓட்டுங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டப் போகிறார்களோ அவர்களும் ஏறட்டும். கிளட்சு கால் எட்டவில்லை என்றால் அதைக் கடையிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால் கூடுதலாக ஒரு சோதனை: ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கருவி கணிசமாகக் கீழே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. பதிவுச் சான்றில் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

மானியம், வரி, காகிதங்கள்

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 5 ஏக்கருக்குள் நிலம் உள்ளவர்கள் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் தயாராக இருக்கட்டும். வண்டி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் பயனில்லை. நீங்கள் விரும்பும் மாடல் துறையின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பட்டா மாறுதலை முதலில் முடியுங்கள். பூர்வீக நிலக்காரர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டர்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலைப்பட்டியலில் இந்த விகிதம்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். விவசாயப் பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு மண் அடித்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். பங்குனித் திருவிழாவுக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றிக்கொண்டு போவதற்கும் இது பொருந்தும்.

பயிர், மண் பற்றிய சந்தேகங்களுக்குக் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. உங்கள் நிலத்தின் படத்தோடு ஒருமுறை போய் வாருங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூன்று இடங்கள்

பி.டி.ஓ. தண்டு சுழலும்போது வேட்டி, துண்டு, முந்தானை எதுவும் அருகே வரக் கூடாது. நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றும் தண்டில் துணி மாட்டினால் கையை விலக்கக்கூட நேரம் இருக்காது. காற்சட்டை அணிந்து ஓட்டுங்கள். தண்டின் மேலுறையைக் கழற்றி எறியாதீர்கள். ரோட்டவேட்டரில் சிக்கிய புல்லை எடுக்க என்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

சங்கிலி கட்டி எதையாவது இழுப்பதானால் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் கட்டுங்கள். மேல் இணைப்பில் கட்டி இழுத்தால் முன்பக்கம் எழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். செங்குத்தான வரப்பில் ஏறும்போது கருவியோடு பின்பக்கமாக ஏறுங்கள். கண்மாய்க் கரையில் சரிவுக்குக் குறுக்காக ஓட்டாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

மட்கார்டில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டுவது நம் ஊரில் பாசமாக நினைக்கப்படுகிறது. இதைத் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். பேரன் எவ்வளவு அழுதாலும் சரி.

முதல் ஐம்பது மணி நேரம்

புது வண்டியைக் கடினமான நிலத்தில் முழு வேகத்தில் அடிக்காதீர்கள். முதலில் கொத்துக் கலப்பையோடு லேசான மண்ணில் ஓட்டிப் பழகுங்கள். பத்து மணி ஓடியதும் சக்கர போல்ட்டுகளையும் கருவியின் போல்ட்டுகளையும் முடுக்குங்கள். 50 மணியில் முதல் சர்வீஸ், தாமதிக்காதீர்கள். உழவு நாட்களில் தினமும் காலையில் என்ஜின் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் பார்த்து, கிரீஸ் முனைகளுக்குக் கிரீஸ் அடியுங்கள். செம்மண் புழுதி காற்று வடிகட்டியை வேகமாக அடைக்கும். கையேட்டில் சொன்ன மணிக்கு முன்பே திறந்து பாருங்கள். ரேடியேட்டர் வலையில் ஒட்டிய புல் விதையையும் தூசியையும் மாலையில் தட்டிவிடுங்கள்.

வேலை இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஓட்டி, ஹைட்ராலிக்கைத் தூக்கி இறக்குங்கள். கருவியைத் தரையில் இறக்கியே நிறுத்துங்கள். எலி வயரைக் கடிக்கும் என்பதால் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை விடாதீர்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். அரைத் தொட்டியில் மழைக்காலத்து ஈரக்காற்று நீராகப் படிந்து பம்புக்குள் போகும், அந்தப் பழுதுக்கு ஆகும் செலவு ஒரு தொட்டி டீசலைவிடப் பல மடங்கு.